அளவுகள் மாறுபடலாம்

இரவுக் கடமை முடிந்து வெளியே வந்தவள்
சாம்பல்தீவு பஸ்ஸை விட்டுவிட்டு
உள்துறைமுக வீதியால் நடந்தேன்.
ஏன் என்று கேட்க வேண்டாம்.
கால் போனது.

பழைய சுங்கக் கிடங்குக்கு வெள்ளையடித்து
நவீன கலைக்கூடம், நுழைவு இலவசம் என்று
மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள்,
மொழிக்கு ஒரு பிழையாக.
வாசலில் ஒரு கொம்பன் மான்
துண்டுப் பிரசுரக் கட்டைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.
இந்த ஊர் மானுக்கு எல்லாம் புல்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க ஊதா.
ஊதா மட்டும்.
‘அந்திக்கடல்’ என்றது அட்டை.
நான் நின்று பார்த்தேன்.
புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்து
ட்ரேயில் கவிழ்ந்தால் இப்படித்தான் இருக்கும்,
அதைத் துடைப்பவளுக்குத் தெரியும்.
பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நங்கூரச் சங்கிலி.
சீனன்குடாவில் இது சும்மா கிடக்கும்.

மூலையில் கதிரைகள்.
எட்டு, ஒரே இரும்புச் சட்டத்தில், செம்மண் நிறப் பிளாஸ்டிக்.
எங்கள் வாட்டு வாசலில் இருப்பதே.
நாலாவதன் முதுகில் இருக்கும் வெடிப்புக்கூட
இங்கேயும் நாலாவதில்.
அட்டை வாசிக்கத் தோன்றவில்லை.
பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு
இருந்தேன்.

கண் திறந்தபோது
இரண்டு வெள்ளைக்காரர் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
சத்தம் போடாமல், மரியாதையாக,
நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.
காவலுக்கு நின்ற பெடியன் ஓடி வந்தான்.
“மிஸ், அதுல இரிக்கப்படா. அது காட்சிப் பொருள்.”
“நானுமா?”
அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.
கிண்ணியா, பெயர் ஜெசீல்,
வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.
எழும்பி வந்துவிட்டேன்.
பை வரவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டி தேடிப் போனால்
ஐந்தாம் கதிரையில் இருந்தது, வைத்தது வைத்தபடி.
சுற்றி ஒரு கயிறு.
“கொழும்புல இருந்து அவர் படத்தப் பார்த்திட்டு
கோல் எடுத்தவரு மிஸ். அப்படியே விடட்டாம்.
வாற ஆக்கள் எல்லாம் அதத்தான் பாக்குறாங்க.”
அட்டையில் பேனையால் ஒரு சொல் கூடியிருந்தது.
கதிரைகள், பை.
அளவுகள் மாறுபடலாம்.
“ஆனா மணக்குது மிஸ்.”

மணந்தது. இடியப்பமும் சூரைமீன் குழம்பும்.
அன்றிரவு எனக்குச் சாப்பிட நேரம் வரவில்லை.

நாலு மணிக்கு
பதினோராம் கட்டிலின் மனைவி
வாசல் கதிரையில் இருந்தாள்.
பக்கத்தில் அவளுடைய பை.
வெருகலில் இருந்து மகன் வருவான், இடம் வேண்டும் என்று
மாலையிலிருந்து யாரையும் அங்கே இருக்க விடவில்லை.
நான் போய்ச் சொல்ல வேண்டும்.
அவளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.
பையை எடுங்கோ அம்மா என்று
எப்படிக் கேட்பது?
நின்றபடியே சொன்னேன்.

ஜெசீல் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.
பெட்டியை எடுத்ததும் பை சுருண்டு விழுந்தது.
இருவரும் அதையே பார்த்தோம்.
பிறகு அவன் வாசலுக்குப் போய்
மான் விட்டுவைத்த பிரசுரங்களைக் கசக்கிக் கொண்டுவந்து
பைக்குள் அடைத்து
காதுகளை நிமிர்த்திவிட்டான்.
“கொஞ்சம் சரிச்சு வையும்,” என்றேன்,
“அவ தன்ர பக்கமாத்தான் சரிச்சு வச்சிருந்தவ.”
யார் என்று அவன் கேட்கவில்லை.

பதினோராம் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.
அவள் விட்டுப்போன பை வாட்டு அலுமாரியில்.
ஒரு சாரம், சீப்பு, பாதி மாரி பிஸ்கட்.
சொந்தக்காரர் வரும்வரை வைத்திருக்கப் புத்தகத்தில் பதிய வேண்டும்.
பெயர்: தெய்வானைப்பிள்ளை.
பொருள்: பை, ஒன்று.
அளவு என்ற இடத்துக்கு வந்து
பேனை
நின்றுகொண்டிருக்கிறது.